மக்காவும் ஃபாஃப்சாவும்

எங்க ஏரியாவுல வருமான வரி ஃபாரம், பாஸ்போர்ட் ஃபாரம்னு எதுவா இருந்தாலும் என்கிட்டதான் வருவாங்க. நியூஜெர்சிக்கு வந்து இருபது வருஷத்துல நான் வாங்கின ஒரே பட்டம் 'ஃபாரம் பார்ட்டி'. ஆனா 2025 டிசம்பர்ல ஒரு ராத்திரி நாகர்கோவில் அண்ணன் லேப்டாப்போட வந்து நின்னப்ப கொஞ்சம் ஆடித்தான் போயிட்டேன்.

"மக்கா, ஃபாஃப்சா போடணும்."

"மூத்தவளுக்கா? அவ இன்னும் பத்தாவதுதானே?"

"எனக்குல."

அண்ணனுக்கு வயசு 47. அந்த வருஷம் மார்ச்ல வேலை போச்சு. அதுக்கு முன்னாடியே மனசுல இருந்ததாம், செமினரியில சேர்ந்து போதகர் ஆகணும்னு. நான் வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலுக்குப் போற ஆள். என்கிட்ட வந்து இறையழைப்பு பத்திப் பேசினா நான் என்னத்த சொல்ல? ஃபாரம்னா சொல்லு, பூர்த்தி பண்ணித் தரேன்னு உட்கார்ந்துட்டேன்.

முதல் அடி, வருமானம். 2026-27 படிப்புக்கு அவங்க கேக்கறது 2024 கணக்கு. 2024ல அண்ணன் முழுச் சம்பளம் வாங்கிட்டு இருந்தாரு. இப்ப வீட்டுல மைனி சம்பளம் மட்டும்தான். ஃபாரத்தைப் பொறுத்தவரை இவரு வசதியான ஆளு! இதுக்கு ஒரு வழி இருக்கு. வேலை போன கடிதத்தை வெச்சு, "என் நிலைமை மாறிடுச்சு, திரும்பப் பாருங்க"ன்னு கல்லூரியோட நிதியுதவி ஆபீசுக்கு எழுதலாம். மாத்தறதும் மாத்தாததும் அவங்க இஷ்டம். நிறைய பேருக்கு இது தெரியாது, அதனால சொல்லி வைக்கறேன்.

அடுத்து, என்ன கிடைக்கும்? எம்.டிவ் முதுநிலைப் படிப்பு, மூணு வருஷம். ஏற்கெனவே டிகிரி வாங்கினவருக்கு பெல் கிராண்ட் கிடையாது. படிக்கிற காலத்துல அரசாங்கமே வட்டி கட்டுற கடனை முதுநிலை மாணவர்களுக்கு 2012லயே நிறுத்திட்டாங்க. மிச்சம் இருக்கறது முதல் நாள்லேர்ந்தே வட்டி ஏறுற கடன். அதுக்கு ஏழையா பணக்காரனான்னு பார்க்கறதில்லை. செமினரி தன் கைக்காசுல தர்ற உதவித்தொகைக்குத்தான் அந்த வருமானக் கணக்கு முக்கியம். அதோட நீங்க சேர்ற செமினரி அரசாங்கக் கடன் திட்டத்துல இருக்கணும். சின்ன பைபிள் கல்லூரிகள் நிறைய அதுல கிடையாது.

இங்கதான் வேடிக்கை. 2025 ஜூலையில வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1லேர்ந்து புதுசா கடன் வாங்கற சாதாரண முதுநிலை மாணவருக்கு வருஷத்துக்கு 20,500 டாலர்தான் உச்சம். 'தொழில்முறைப் படிப்பு'ன்னா 50,000. எது தொழில்முறை? டாக்டர், வக்கீல், பல் டாக்டர்... அந்தப் பட்டியல்ல எம்.டிவ்வும் இருக்கு! 2025 நவம்பர்ல கல்வித்துறை கூட்டின குழு ஒத்துக்கிட்ட பட்டியல்ல நர்சிங் இல்லை, இறையியல் இருக்கு. நர்சுங்க கொந்தளிச்சாங்க, நியாயம்தான். அதே செமினரியில இறையியல் எம்.ஏ. சேர்ந்தா 20,500, எம்.டிவ் சேர்ந்தா 50,000.

இந்த ஊரு அரசாங்கத்துக்கு இது வேலையா, வழிபாடான்னு ஒரு முடிவுக்கே வர முடியலைன்னு எனக்குத் தோணும். 1999ல வாஷிங்டன் மாநிலத்துல ஜோஷுவா டேவின்னு ஒரு பையன் நல்ல மார்க் எடுத்து மாநில உதவித்தொகை வாங்கினான், 1,125 டாலர். போதகர் பயிற்சியை மேஜரா எடுத்ததால பணம் கிடையாதுன்னுட்டாங்க. பைபிள் வகுப்புல உட்காரலாம், ஆனா அதுல பட்டம் வாங்கக் கூடாதாம். கேஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2004ல 7க்கு 2ன்னு மாநிலம் பக்கம் தீர்ப்பாச்சு. பையன் கடைசியில ஹார்வர்டுல சட்டம் படிக்கப் போயிட்டான். அவனுக்கு அந்தப் படிப்பு தொழில் இல்லைன்னாங்க. இப்ப எங்க அண்ணனுக்கு டாக்டர் மாதிரி தொழில்ங்கறாங்க.

அண்ணன் 50,000ஐப் பார்த்ததும் முகம் மலர்ந்துடுச்சு. "கர்த்தர் வழி திறக்காரு மக்கா!"

நான் கால்குலேட்டரைத் திறந்தேன். மூணு வருஷம், ஒண்ணரை லட்சம். வட்டி தனி. முடிக்கும்போது வயசு 50. ஒரு சின்ன சபையில போதகருக்கு என்ன சம்பளம் கிடைக்கும்னு அவருக்கே தெரியும். பத்து வருஷம் பொதுச்சேவை வேலை பார்த்து 120 தவணை கட்டினா மிச்சக் கடனைத் தள்ளுபடி பண்ற திட்டம் இருக்கு. முன்னாடி ஆராதனை நடத்தற நேரத்தை அதுல சேர்க்க மாட்டாங்க, 2021 ஜூலையில அந்த விதியை எடுத்துட்டாங்க. ஆக அறுபதுல விடுதலை, பத்து வருஷமும் ஏதாவது சபை முழுநேர வேலை கொடுத்தா.

இதுவரைக்கும் மைனி அடுக்களைய விட்டு வெளியே வரலை. பாத்திரம் கழுவற சத்தம் மட்டும் கொஞ்சம் பலமா கேட்டுச்சு. திடீர்னு கைய தொடைச்சிக்கிட்டு வந்து, "தம்பி, கடன் கிடைக்கும்னா வாங்கியே ஆகணுமா?"ன்னாங்க.

அண்ணன் பதில் சொல்லலை. நான்தான் சொன்னேன். "இல்ல மைனி. எவ்வளவு வேணும்னு நாமதான் சொல்லணும். குறைச்சும் கேக்கலாம்."

"இவரு போறத நான் தடுக்கல. சபைல கேட்டாரா? வாரத்துல நாலு நாள் சபையே கதின்னு கெடக்காரு, அவங்க ஒரு லெட்டர் தர மாட்டாங்களா?"

அது நல்ல கேள்வி. நிறைய சபைப் பிரிவுகள் ஊழியத்துக்குப் படிக்கிறவங்களுக்கு உதவி வெச்சிருக்காங்க. ஆனா உள்ளூர் சபை இவரை வேட்பாளரா ஏத்துக்கிட்டு எழுதித் தரணும். அண்ணன் கேக்கவே இல்லை. கூச்சம். அரசாங்கத்துக்கிட்ட ஒண்ணரை லட்சம் கேக்கக் கூச்சமில்லை, ஞாயித்துக்கிழமை பக்கத்துல உட்கார்றவங்ககிட்ட ஒரு லெட்டர் கேக்கக் கூச்சம்!

ராத்திரி பதினோரு மணிக்கு ஃபாரத்தை அனுப்பினோம். வேலை போன கடிதத்தை ஸ்கேன் பண்ணி வெச்சேன். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிஞ்சு மூப்பர்களைப் பார்க்கறதா அண்ணன் ஒத்துக்கிட்டார். கிளம்பும்போது மைனி ஒரு டப்பாவுல மீன் குழம்பு ஊத்திக் கொடுத்தாங்க.

"கடன் எவ்ளோன்னு கேப்பாங்கல்லா தம்பி, அப்ப எவ்ளோ போடணும்?"

"இருபதாயிரம் போடலாம் மைனி."

"பதினஞ்சு போடுங்க."