சிறிய வெட்டும் விறைத்த தொடையும்

பல்லேகலயிலிருந்து என் சட்ட அலுவலகத்துக்கு வந்திருந்தார் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. தேய்ந்த இடுப்பு மூட்டுக்குப் பதில் செயற்கை மூட்டு பொருத்தியிருந்தார்கள். நடையில் குறையில்லை. வலத்தொடையின் வெளிப்பக்கம்தான் விறைத்துப்போய், சேலை உரசினாலே எரிந்தது. “சின்ன வெட்டு, சீக்கிரம் எழும்பி நடக்கலாம்னு மட்டும்தான் சொன்னாங்க சேர். மற்ற முறையைப் பற்றிப் பேச்சே இல்லை.”

தனியார் வைத்தியசாலைப் பதிவேடுகளை எடுப்பித்து எலும்பு நிபுணர் ஒருவரிடம் காட்டினேன். இடுப்பின் முன்புறமாக, தசைகளை அறுக்காமல் விலக்கிக்கொண்டு போகும் முறை அது. முதல் சில வாரங்கள் நோவு குறைவு. ஓராண்டு போனால் பழைய பெரிய வெட்டுக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் தெரியாதாம். தொடைத்தோலின் உணர்வு நரம்பு அந்த வழியிலேயே கிடப்பதால், எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சிலருக்கு இப்படி ஆகும். பின்புறமாகத் திறந்தால் இந்த நரம்பு தப்பும். ஆனால் அதில் மூட்டு நழுவும் பயம் உண்டு. ஆக, கத்தி பிடித்த கையில் பிழையில்லை. பிழையென்றால் அதற்கு முந்திய பேச்சில்தான்.

எங்களைப் போலவே ரோமன்-டச்சுச் சட்டம் வழங்கும் தென்னாபிரிக்காவில், நோயாளி பொருட்படுத்தக்கூடிய ஆபத்தைச் சொல்லியாக வேண்டும் என்று 1994இல் ஒரு தீர்ப்பு வந்தது. கண்டி மாவட்ட நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது; வாதாட உதவும்.

என்னைத் தயங்கவைத்தது பேராசிரியர் பிரியானி சொய்சா மீதான மருத்துவக் கவனயீன வழக்கு. அவரிடம் சிகிச்சை பெற்று இறந்த குழந்தையின் தந்தைக்குக் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் கொடுத்தது. மேன்முறையீட்டில் அது இரண்டரை இலட்சமானது. 2001இல் உயர் நீதிமன்றம் அதையும் நீக்கியது. கவனயீனம் உண்டு, ஆனால் மரணம் அதனால்தான் நேர்ந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்றது.

எனவே கேட்டேன்: “விறைப்பு வரலாம்னு சொல்லியிருந்தா, பெரிய வெட்டைக் கேட்டிருப்பீங்களா டீச்சர்?” இதற்குப் பதிலையும் சொல்லிக்கொடுக்கும் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள்.

“அப்பவும் சின்ன வெட்டுத்தான் சேர். வீட்டில பார்க்க ஆளில்லையே. ஆனா என்கிட்ட கேட்டிருக்கலாம்தானே?”

குறுக்கு விசாரணையில் முதல் வாக்கியத்தோடு வழக்கு விழுந்துவிடும். கடைசிக் கேள்விக்கு எங்கள் சட்டத்தில் நட்டஈடு தேடுவது கடினம். வழக்குத் தொடர்வதற்கான இரண்டு வருடக் காலவரையறை முடியுமுன் வைத்தியசாலைக்குக் கோரிக்கைக் கடிதம் அனுப்பினேன். பொறுப்பேதும் ஏற்காமல் பிசியோதெரபிச் செலவைத் தர இணங்கினார்கள். பணத்தைப் பெற்றுக்கொண்ட ஆசிரியை, மன்னிப்பு என்று ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று விசாரித்தார். இல்லை என்றேன்.