லிஃப்ட் ரிப்பேரும் ஆயாவின் பாடும்

"ஒரு மாசமா ஆளையே காணோமே, எங்கடா போனே?" என்று கேட்ட வகுப்புத் தோழர்களுக்கு: நான் எங்கேயும் போகவில்லை. நாலாவது மாடியில் இருந்தேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. (இதை விட நல்ல காரணம் வேணுமா?)

நாங்கள் இருப்பது திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு அபார்ட்மெண்ட். கீழே கார் பார்க்கிங், மேலே நாலு மாடி, மாடிக்கு எட்டு வீடு, மொத்தம் 32. இதில் 17 வீட்டில் சொந்தக்காரர்களே குடியிருக்கிறார்கள். 13 வீட்டில் எங்களை மாதிரி வாடகைக்காரர்கள். ரெண்டு வீடு எப்போதும் பூட்டு. மாசம் 1,800 ரூபாய் மெயின்டனன்ஸ். அதை யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்று நோட்டீஸ் போர்டில் சிவப்பு மையில் எழுதிப் போடுவார்கள். அந்தப் போர்டுதான் எங்கள் பில்டிங்கின் தினத்தந்தி.

எங்களுக்குச் சொந்த ஊர் காட்டுப்பள்ளி குப்பம். பழவேற்காட்டுக்கும் எண்ணூருக்கும் நடுவில், ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பங்கழி. இப்போது அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் துறைமுகம்தான் ஞாபகம் வரும். துறைமுகத்துக்காக எங்கள் குப்பத்தை இடம் மாற்றினார்கள். அந்தக் கதை தனி, இன்னொரு நாள் சொல்கிறேன்.

ஒரு வேடிக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். மீஞ்சூர் கடல்நீர் குடிநீர் ஆலை என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். பெயர்தான் மீஞ்சூர், ஆலை இருப்பது காட்டுப்பள்ளியில். 2010-ல் திறந்தார்கள். நாளுக்கு 10 கோடி லிட்டர் கொள்ளளவு. வடசென்னைக்கு, திருவொற்றியூருக்கும் சேர்த்து, தண்ணீர் தருவதற்காகத்தான் கட்டினார்கள். ஆகவே எங்கள் சம்ப்பில் விழுவது எங்கள் ஊர்க் கடல்! ஆயா முதல் முறை இதைக் கேட்டபோது குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்து, "உப்பே இல்லியேடா" என்று வருத்தப்பட்டது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

லிஃப்ட் நின்றது ஒரு திங்கட்கிழமை. மெக்கானிக் வந்து பார்த்து, கயிறு தேய்ந்துவிட்டது, கன்ட்ரோல் பேனலும் மாற்ற வேண்டும், மொத்தம் 1,92,000 என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். 32-ஆல் வகுத்தால் வீட்டுக்கு 6,000. கணக்கு அஞ்சாங்கிளாஸ் பையனுக்கே தெரியும். ஆனால் 32 வீட்டிலிருந்து அதை வாங்குவதற்கு ஐ.நா. சபைதான் வர வேண்டும்.

ஞாயிறு காலை பார்க்கிங்கில் பிளாஸ்டிக் சேர் போட்டு மீட்டிங். அப்பா வேலைக்குப் போய்விட்டதால் நான் போனேன்.

முதல் மாடிக்காரர் ஒருவர் எழுந்தார். "நாங்க படியிலதான் போறோம். லிஃப்ட் பட்டனை அமுக்கினதே கிடையாது. நாங்க எதுக்கு சார் 6,000 குடுக்கணும்?"

நாலாவது மாடிக்காரர் விடுவாரா? "மொட்டை மாடி தண்ணி எங்க சீலிங்லதான் ஓதம் அடிக்குது. அதுக்கு நீங்க என்னிக்காவது குடுத்தீங்களா?"

"மழை வந்தா டிரெய்னேஜ் எங்க பாத்ரூம்லதான் சார் எதுத்து வருது. அப்ப நீங்க மேல காபி குடிச்சிட்டிருக்கீங்க!"

நடுவில் ஒருவர் காமன் கரண்ட் பில்லை இழுத்தார். அவர் சொன்னதும் உண்மைதான். 2022 செப்டம்பரில் பொதுப் பயன்பாட்டு மின்சாரத்துக்கு யூனிட் 8 ரூபாய் என்று தனிக் கட்டணம் வந்தது. 2023-ல் அதை 5.50 ஆகக் குறைத்தார்கள், ஆனால் பத்து வீடு, மூன்று மாடிக்கு மேல் போகாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும். எங்கள் லிஃப்ட் ஓடவில்லை, ஆனால் 'இருக்கிறது'. அதனால் சலுகையும் கிடையாது. (செத்தும் கெடுத்தான் கதை.)

நான் மெதுவாகக் கையைத் தூக்கினேன். எங்கள் வீட்டில் ஆயா இருக்கிறது, 74 வயசு, சர்க்கரை, மூட்டு வலி, மாசம் ரெண்டு தடவை ஆஸ்பத்திரி போகணும், அதனால் சீக்கிரம்... என்று ஆரம்பித்தேன். டிரெஷரர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, இது ஓனர்ஸ் மீட்டிங். டெனண்ட்டுக்கு ஏது பேச்சு? உங்க ஓனர்கிட்ட சொல்லுங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழை மேலிருந்து கீழே பெய்யும் என்று சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னார். சட்டப்படியும் அவர் பக்கம்தான். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் (1994-ல் வந்தது பழசு, 2022-ல் வந்தது புதுசு) சங்கத்தின் உறுப்பினர் என்று சொல்வது வீட்டு உரிமையாளரைத்தான். எங்கள் ஓனர் கோயம்புத்தூரில் இருக்கிறார். போனை எடுப்பது அவருடைய கொள்கைக்கு விரோதம்.

அன்று மீட்டிங் ஒன்றும் முடிவாகாமல் வடை, காபியோடு கலைந்தது. வடைக்கு மட்டும் எந்த மாடியும் ஆட்சேபிக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை ஆயாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். சேரில் உட்கார வைத்து அப்பாவும் வாட்ச்மேன் அண்ணாவும் தூக்கினார்கள். நான் பின்னால் செருப்பையும் ஃபைலையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். ரெண்டாவது மாடியில் ஒரு வீட்டுக் கதவு திறந்து, பார்த்துவிட்டு, மூடிக்கொண்டது. ஆயா கண்ணை மூடிக்கொண்டே வந்தது. கீழே இறக்கிய பிறகு, "எத்தினி கூடை மீனை நான் தலையில தூக்கினேன்... இப்ப என்னியே கூடை மாரி தூக்கினு வர்றீங்க" என்றது. அப்பா ஒன்றும் பேசவில்லை. நானும்தான்.

அன்று ராத்திரி மீட்டிங் கதையை ஆயாவிடம் சொன்னேன். மேல் மாடிக்கு ஓதம், கீழ் மாடிக்கு டிரெய்னேஜ், அவங்கவங்களுக்கு அவங்கவங்க கஷ்டம் என்று. எல்லாம் கேட்டுவிட்டு ஆயா கேட்டது: "ஏன்டா, எப்பவும் ஒரே எடத்துலயேவா இருப்பீங்க? மாறிக்க மாட்டீங்களா?"

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் அது எதைச் சொல்கிறது என்று புரிந்தது. இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்ளுங்கள்.

ஆயா பிறந்தது பழவேற்காட்டில், கோட்டைக்குப்பம். பழவேற்காடு ஏரி சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அங்கே 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் படாது. முகத்துவாரத்துப் பக்கம் நன்றாகப் படும், தள்ளிப் போனால் குறையும். வல்லவன் தினமும் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவன் பட்டினி. அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் வலை கட்டும் இடங்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஊருக்குள் கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுகளுக்குள் சீட்டு, முறை. இன்றைக்கு உனக்கு மோசமான இடமா, பொறுத்துக்கொள், நல்ல இடம் சுற்றி வரும்.

"சண்ட வராதா ஆயா?"

"வரும். வந்தா பஞ்சாயத்துல பேசுவாங்க. ஆனா எனக்கு மட்டும் ஏன் கெட்ட எடம்னு எவனும் கேக்க முடியாது. சீட்டு அவனே எடுத்ததாச்சே?"

இதே சங்கதி துருக்கியிலும் இருந்தது. அலான்யா என்ற ஊரில் மீனவர்கள் செப்டம்பரில் சீட்டு எடுத்து இடம் பிரித்துக்கொள்வார்கள். ஜனவரி வரை தினமும் ஒரு இடம் கிழக்கே நகர்வார்கள், அப்புறம் மே வரை மேற்கே. எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் 1990-ல் எழுதிய புத்தகத்தில் இதை விவரித்திருக்கிறார். பொதுச் சொத்தைச் சாதாரண ஜனங்களே பேசி வைத்து ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள முடியும் என்று காட்டியதற்காக 2009-ல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. ஒரு விதியால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு அந்த விதியை மாற்றுவதில் பங்கு இருக்க வேண்டும் என்பது அவர் சொன்னவற்றில் ஒன்று.

படித்ததும் எனக்கு ஒரே குஷி. பார்த்தீர்களா, எங்க ஊர் பெருமையை! என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அடுத்த கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுத் தொலைத்தேன்.

"ஆயா, ஏரியில இருளருங்க கையால தடவி இறால் புடிப்பாங்களே, அவங்களுக்கும் சீட்டு உண்டா?"

"அவங்களுக்கு ஏதுடா பாடு?"

அதே குரல். டிரெஷரர் சொன்னாரே, "டெனண்ட்டுக்கு ஏது பேச்சு?", அதே குரல்தான். கோபம் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. பாடு எங்கள் சாதிக்குள் நடக்கும் முறை. அதே ஏரியை நம்பி வாழ்கிற மற்றவர்களுக்கு அதில் சீட்டு கிடையாது. இதனால் அந்தப் பக்கம் தகராறுகள் வந்திருக்கின்றன. சீட்டு எடுப்பவர்களுக்குள் அத்தனை நியாயமாக இருக்கிற ஒரு முறை, யாரைத் தலையாக எண்ணுவது என்ற இடத்தில் கதவைச் சாத்திக்கொள்கிறது. பார்க்கிங்கில் எனக்கு வலித்தது. ஏரியில் சாத்தியவர்கள் எங்கள் ஆட்கள். ராத்திரி ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை.

ரெண்டு நாள் கழித்து செகரட்டரி அங்கிள் மெயின்டனன்ஸ் வாங்க நாலு மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. ஆயா அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தது. அஞ்சு வருஷமாக அவர்தான் செகரட்டரி. பிடித்து இல்லை, வேறு யாரும் வராததால். மோட்டார் போடுவது, லாரி தண்ணிக்குச் சொல்வது, லிஃப்ட் ஏ.எம்.சி., எல்லாம் அவர் தலையில். "நானும் சும்மா விட்டுடுவேன்மா. ஆனா அந்த அரிவாக்குளத்தை நினைச்சா விட முடியல" என்றார்.

சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்கு: 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் குடிசை மாற்று வாரியம் கட்டிய பழைய குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் அப்படியே சரிந்தது. கட்டி முப்பது வருஷம்கூட ஆகவில்லை. விரிசலைப் பார்த்த ஜனங்கள் ஒருவரை ஒருவர் எழுப்பி வெளியே ஓடி வந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அந்த விரிசலைப் பார்க்க யாரும் பத்திரத்தைக் காட்டவில்லை. உள்ளே குடியிருந்தவர்கள் கண்தான் பார்த்தது.

அங்கிளிடம் பாடு கதையைச் சொன்னேன். வீட்டை மாற்றிக்கொள்ள முடியாது அங்கிள், வேலையை மாற்றிக்கொள்ளலாமே என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த மீட்டிங்கில் அவரே எழுந்து பேசினார். அவர் வைத்தது மூன்று விஷயம்:

1. லிஃப்ட், மொட்டை மாடி ஓதம், டிரெய்னேஜ் மூன்றும் ஒரே பட்டியல், ஒரே பொது நிதி. எந்த மாடி என்று கணக்குப் பார்ப்பதில்லை. பெரிய ரிப்பேருக்குப் பணம் ஓனர் தருவார், மாசச் செலவு குடியிருப்பவர் தருவார்.

2. ஆள் இருக்கிற 30 வீட்டின் நம்பரையும் சீட்டு எழுதி, மாசத்துக்கு ரெண்டு வீடு பொறுப்பு. சுற்றி முடிய 15 மாசம். ஓனர், டெனண்ட் வித்தியாசம் இல்லை.

3. டெனண்ட்டுக்கு ஓட்டு இல்லை. ஆனால் பேசலாம், பேசியதை மினிட்ஸ் நோட்டில் எழுத வேண்டும்.

மூன்றாவதற்கு டிரெஷரர் முகம் சுளித்தார். "வேலை மட்டும் செய்யணும், வாயைத் திறக்கக் கூடாதா?" என்று மூன்றாவது மாடி டீச்சர் அக்கா (அவரும் வாடகைதான்) கேட்டதும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். டிரெய்னேஜ் பட்டியலில் ஏறியதும் முதல் மாடிக்காரர் சட்டென்று இறங்கி வந்தார். 6,000 கொடுத்த முதல் ஆளே அவர்தான்! எங்கள் ஓனரை செகரட்டரியே போனில் பிடித்தார். ரெண்டு வீடு இன்னும் கொடுக்கவில்லை. அது நோட்டீஸ் போர்டு பார்த்துக்கொள்ளும்.

லிஃப்ட் ஐந்தாவது வாரம் ஓடியது. ஆயா முதல் நாளே மூன்று தடவை மேலும் கீழும் போய் வந்தது. காரணம் கேட்டால் கறிவேப்பிலை என்றது.

எல்லாம் சுபம் என்று முடிக்கலாம். ஆனால் எவர்சில்வர் டப்பாவில் சீட்டைப் போட்டுக் குலுக்கியபோது வாட்ச்மேன் அண்ணா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆயாவைச் சுமந்த ரெண்டு பேரில் ஒருவர். மோட்டார் ரூமை ஒட்டி அவருக்கு ஒரு சின்ன அறை, அதில் மழைக்கு ஒழுகுகிறது. அது பட்டியலில் இல்லை. யாரும் அவரைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் உறைத்தது. அடுத்த மீட்டிங்கில் சொல்லப் போகிறேன். இப்போதுதான் பேசலாமே, மினிட்ஸ் நோட்டில் வேறு எழுதுவார்கள்.

சீட்டை எங்கள் வீட்டுக்கு நான்தான் எடுத்தேன். மே மாசம். அக்னி நட்சத்திரத்தில் சம்ப் கழுவும் வேலை.

"கெட்ட எடம்தான்" என்றது ஆயா. "போய் ஒழுங்கா கழுவு. நம்ம ஊர் தண்ணிடா."