தலை எங்கே நிற்கிறது

வயிற்றில் தடவிய ஜெல்லைத் துடைக்கக்கூட விடமாட்டார்கள். "டாக்டரம்மா, நார்மலா ஆவுமா, ஆபரேஷனா? இப்பவே சொல்லிட்டா காசு பொரட்டி வெச்சுக்குவோம்." பள்ளிகொண்டாவில் நான் ஸ்கேன் எடுக்கும் அறைக்கு ஒன்பதாம் மாதப் பெண்ணோடு வருகிற மாமியாரோ அம்மாவோ கேட்பது இது. வருகிறவர்களில் பலர் ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனி வேனில் போய்வருகிற பெண்கள். மறுபடி எப்போது தையல் மெஷினில் உட்கார முடியும் என்பதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஆணா பெண்ணா என்று கேட்டால் சுவரில் மாட்டியிருக்கும் பலகையைக் காட்டிவிடலாம், 1994ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இதற்குக் காட்டப் பலகை கிடையாது.

சில நேரம் உறுதியாகவே சொல்லிவிடுவேன். நஞ்சு கருப்பை வாயை மூடிக் கிடந்தால் ஆபரேஷன்தான். குழந்தை குறுக்கே கிடந்து, திரும்பாமலே வலி எடுத்தாலும் அப்படித்தான். ஆனால் தலை கீழே, நஞ்சு மேலே, தண்ணீர் போதுமான அளவு என்றிருக்கும் பெண்களே அதிகம். அவர்களுக்கு என் மெஷினில் பதில் இல்லை.

எடை இருக்கிறதே என்பார்கள். தலை, வயிறு, தொடை எலும்பு ஆகியவற்றை அளந்து, ஹேட்லாக் 1985இல் வெளியிட்ட சூத்திரப்படி மெஷின் எடையைக் கணக்கிடுகிறது. இதில் அதிகம் ஏமாற்றுவது வயிற்றுச் சுற்றளவு. இரைப்பை ஒரு கருப்புப் பொட்டாகவும், தொப்புள் சிரை உள்ளே வளைகிற இடமும் ஒரே வட்டத்தில் தெரிய வேண்டும். நிறைமாதத்தில் இடம் நெருக்கம். வயிற்றில் வைக்கும் ப்ரோபைக் கொஞ்சம் அழுத்தினாலே வட்டம் முட்டை வடிவாகிவிடும். எவ்வளவு கவனமாக அளந்தாலும் பத்து, பதினைந்து சதவீதம் முன்னே பின்னே போகும். மூன்று கிலோ என்று மெஷின் காட்டுவது இரண்டரையாகவும் இருக்கலாம், மூன்றரையாகவும் இருக்கலாம்.

வேலைக்கு வந்த புதிதில் வேறோர் ஊரில், குட்டையான ஒரு பெண்ணுக்கு 3.8 கிலோ என்று எழுதிக் கொடுத்தேன். அந்த எண்ணைப் பார்த்ததும் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். பிறந்த குழந்தை 3.3. இரண்டாவது பிரசவத்துக்கும் அவள் என்னிடமே வந்தாள். நான் ப்ரோபை வைக்கும் இடத்தில், அடிவயிற்றில், விரல் நீளத்துக்கும் அதிகமாக அந்தத் தழும்பு. அதன் மேலேயே ஜெல் போட்டு, உள்ளே கருப்பைத் தையலின் கனத்தைப் பார்த்தேன். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. அன்றிலிருந்து எடையை ஒற்றை எண்ணாக எழுதுவதில்லை. இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று எழுதி, வாயாலும் சொல்லி அனுப்புகிறேன்.

'கொடி சுத்திக்கிச்சு' என்பது இன்னொன்று. ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கழுத்தில் கொடியோடுதான் பிறக்கிறது, பெரும்பாலும் கெடுதல் ஒன்றும் இல்லை. ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரி இருந்தால் போதும், வீடே கலங்கிப்போகிறது. தமிழ்நாட்டில் 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி 44.9 சதவீதப் பிரசவங்கள் ஆபரேஷன். தனியார் மருத்துவமனைகளில் 63.8. அத்தனைக்கும் ஸ்கேன் காரணமில்லை. ஆனாலும் நான் எழுதும் வரிக்கு அதில் பங்கு உண்டு.

ஸ்கேன் உண்மையில் உதவுவது வலி எடுத்த பிறகு. கையுறை மாட்டிய ப்ரோபைக் கீழே நெடுக்காக வைத்தால், தாயின் முன்பக்க இடுப்பெலும்பும் குழந்தையின் மண்டையோடும் ஒரே படத்தில் விழும். எலும்பின் நீளவாக்கில் ஒரு கோடு, அதன் கீழ்முனையிலிருந்து மண்டையோட்டைத் தொட்டுச் செல்லும் இன்னொரு கோடு. நடுவில் உள்ள கோணம் 120 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலும் கீழ்வழியாகவே பிரசவம் ஆகிவிடும். பன்னாட்டு மகப்பேறு ஸ்கேன் சங்கம் 2018லேயே இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. நம் பக்கத்துப் பிரசவ அறைகளிலும் இது பழக்கமாக வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

போன மாதம் ஓர் இரவு, தலைச்சன் பிரசவம் ஒன்று நடுவில் நின்றுவிட்டதென்று கூப்பிட்டார்கள். கோணம் 108. அடிவயிற்றில் வைத்துப் பார்த்தால் குழந்தையின் கண்குழிகள் இரண்டும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருந்ததால் காத்திருக்கலாம் என்று முடிவானது. அந்தப் பெண்ணை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி வைத்தேன். கண்குழிகள் தெரியவில்லை, தலை திரும்பியிருந்தது. கோணம் 131. அவள் முக்கும்போது திரையில் மண்டையோட்டின் வெள்ளை வளைவு இறங்கி வருவது தெரிந்தது. திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

வெளியே வந்ததும் மாமியார் எழுந்து நின்றார். கேள்வியை அவர் கேட்பதற்கு முன்பே, "தலை இறங்குது பெரியம்மா" என்றேன்.