வாப்பா ஏன் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார்?

 

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் ஐம்பது வயது தாண்டிய ஆண்கள் இருந்தால் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். வாப்பாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க மகள், என்ன மாதிரி இன்னொருத்தன் கஷ்டப்படக் கூடாது" என்றார்.

வாப்பா ஹட்டன் டவுனில் முப்பது வருடமாகக் கடை வைத்திருப்பவர். சுபஹுக்குப் பள்ளிக்குப் போகாத நாள் இல்லை. போன வருடம் திடீரென்று வீட்டிலேயே தொழ ஆரம்பித்தார். குளிர் என்றார், கால்வலி என்றார். ஜும்ஆவுக்கும் கடைசி நேரத்தில் போய், சலாம் கொடுத்த உடனே வந்துவிடுவார். இரவில் ஐந்தாறு தடவை எழும்புவது உம்மாவுக்குத் தெரியும். சீனி வருத்தமோ என்று டெஸ்ட் செய்தோம். சீனி இல்லை. அத்தோடு விட்டுவிட்டோம்.

உண்மைக் காரணம் பிறகுதான் தெரிந்தது. ஒன்றுக்குப் போய் வந்த பிறகும் சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது. சாரம் நஜீஸாகிவிடும், வுளூ நிற்காது என்ற பயம். மகளிடம் சொல்ல வெட்கம். மகனிடமும் வெட்கம்.

ஜனவரியில் தடிமல் வந்தது. பார்மசியில் தடிமல் மருந்து வாங்கிக் குடித்தார். அன்றிரவு ஒரு சொட்டும் போகவில்லை. அடிவயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. அந்த மனிதர் வலியில் அழுததை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். 1990க்கு அடித்தோம், அம்புலன்ஸ் வந்தது. வாட்டில் டியூப் போட்டார்கள். ஒரு லீட்டருக்கு மேல் வந்தது. "தடிமல் மருந்து குடிச்சீங்களா?" என்று டொக்டர் கேட்டபோது எங்களுக்கு ஆச்சரியம். புரொஸ்டேட் சுரப்பி பெருத்தவர்களுக்குச் சில தடிமல் மருந்துகள் சிறுநீர்ப் பாதையை இன்னும் இறுக்கி அடைத்துவிடுமாம். இதை எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்?

அடுத்து நாங்கள் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். அவசரப்பட்டு ஒரு தனியார் இடத்தில் சனல் பண்ணினோம். டியூப் போட்டு மூன்றாம் நாளே புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் பீ.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை செய்தார்கள். அளவு கூடுதலாக வந்தது. ஒரு கிழமை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு அரச ஆஸ்பத்திரி யூரோலொஜி கிளினிக்கில் காட்டினோம். "சலம் அடைபட்டு டியூப் போட்ட நேரத்தில் இந்த அளவு தானாகவே ஏறும், ஆறு கிழமை கழித்துப் பார்ப்போம்" என்றார் டொக்டர். ஆறு கிழமையில் இறங்கியிருந்தது, அல்ஹம்துலில்லாஹ். சனலுக்கும் டெஸ்டுக்கும் வேனுக்கும் கொடுத்த காசு போனது போனதுதான். கிளினிக்கில் ஒரு சதமும் எடுக்கவில்லை. டம்சுலோசின் மாத்திரை தொடங்கி, டியூபைக் கழற்றிப் பார்த்தார்கள். போனது. இப்போது இரவில் ஒரு தடவைதான் எழும்புகிறார்.

வாட்டில் பக்கத்துக் கட்டிலில் பொகவந்தலாவைப் பக்கத் தோட்டத்து ஐயா ஒருவர் இருந்தார். வாப்பாவை "நானா" என்றுதான் கூப்பிடுவார். ஒழுங்காகப் போகாமல் இரண்டு வருடம் "உடம்புச் சூடு" என்று பார்லித் தண்ணி குடித்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு வரும்போது கிட்னியும் பழுதாகத் தொடங்கிவிட்டது. அவரைக் கண்டி கிளினிக்கிற்குக் கூட்டிப் போனால் மகளுக்கு அன்றைய பேர் இல்லை. 2024 செப்டெம்பரில் ஏறியபோது நாட்சம்பளமே 1,350 ரூபாவாகத்தான் இருந்தது. அதோடு பஸ் காசு, சாப்பாடு. மருந்து இலவசம்தான், போய் வருவது இலவசமில்லை. ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்கு மூன்று மணித்தியாலப் பயணம். அரை மணிக்கொரு தடவை ஒன்றுக்குப் போக வேண்டிய மனிதர் பஸ்ஸில் எப்படி இருப்பார்?

அந்த மகளும் சொன்னார்: "மலைக்குப் போனா நான் தண்ணியே குடிக்கிறதில்ல டீச்சர். ஒதுங்க எடம் இல்ல." தண்ணீர் குடிக்காமல், அடக்கி வைத்துக்கொண்டே கொழுந்து எடுப்பவர்களுக்குச் சலக்கடுப்பு வராமல் என்ன செய்யும்? கொழுந்து மலையில் ஒரு மலசலகூடம் கட்டுவதும் வைத்தியம்தான்.

கிளினிக்கில் வாப்பாவிடம் ஏழு கேள்வி கேட்டார்கள். அமெரிக்க மருத்துவர்கள் 1992இல் தயாரித்த கேள்விகள். இன்று உலகம் முழுக்கப் பாவிக்கிறார்கள். மெஷின் வேண்டாம், காசு வேண்டாம். கடந்த ஒரு மாதத்தை நினைத்துப் பதில் சொன்னால் போதும்:

1. போன பிறகும் முழுதாகப் போகாத மாதிரி இருக்கிறதா?
2. இரண்டு மணித்தியாலத்துக்குள் திரும்பவும் போக வேண்டியிருக்கிறதா?
3. நின்று நின்று போகிறதா?
4. அடக்க முடியாத அவசரம் வருகிறதா?
5. வேகம் குறைந்திருக்கிறதா?
6. தொடங்குவதற்கு முக்க வேண்டியிருக்கிறதா?
7. இரவில் எத்தனை தடவை எழும்புகிறீர்கள்?

ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி. மொத்தம் 35. 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 தொடக்கம் கடுமையானது. வாப்பாவுக்கு 24. பரீட்சைத் தாள் திருத்துகிற எனக்கு இது நன்றாக விளங்கியது. இந்த ஒரு தாள் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தால் அந்த ஐயா இரண்டு வருடம் முந்தியே கண்டிக்குப் போயிருப்பார்.

புரொஸ்டேட் பெருப்பது வயதோடு வருவது. அறுபது வயதில் ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவருக்கு இருக்கும். எல்லாம் புற்றுநோய் அல்ல, வெட்கப்பட வேண்டியதும் அல்ல. ஆனால் இரத்தம் கலந்து போனாலோ, குளிர்காய்ச்சலோடு கடுத்தாலோ, முற்றாக அடைபட்டாலோ விடியும் வரை காத்திருக்காதீர்கள்.

நாம் செய்யக் கூடியவை சில உண்டு. டிக்கோயாவில் 2017 மே 12 இல் திறக்கப்பட்ட 150 கட்டில் ஆஸ்பத்திரி நம் பக்கத்திலேயே இருக்கிறது. முதலில் அருகிலுள்ள அரச ஆஸ்பத்திரியில் காட்டி, கடிதம் வாங்கிக்கொண்டு நிபுணரிடம் போவோம். டியூப் மாற்றுவது, மாத்திரை எடுப்பது போன்றவற்றுக்குக் கண்டி வரை போக வேண்டுமா, இங்கேயே செய்யலாமா என்று டொக்டரிடம் கேட்போம். வெளியில் டெஸ்டுக்குக் காசு கட்ட முன் "இது இப்போதே வேண்டுமா, அரச ஆஸ்பத்திரியில் செய்யலாமா?" என்று கேட்போம். மாத்திரையின் கம்பனிப் பெயரை மட்டும் அல்ல, மருந்தின் பெயரையும் எழுதி வாங்குவோம். கம்பனிக்குக் கம்பனி விலை வேறு.

பள்ளி விஷயத்துக்கு மௌலவியிடம் தம்பி போய்க் கேட்டான். தொடர்ந்து கசியும் நோயாளி நேரம் வந்த பிறகு சுத்தம் செய்து, துணி கட்டி, ஒவ்வொரு பர்ளுக்கும் புதிதாக வுளூ செய்து தொழலாம் என்று ஷாபி மத்ஹபில் தெளிவாக இருக்கிறது. ஒரு வருடம் வாப்பா பள்ளியை இழந்தது இதைக் கேட்க வாய் வராததால்தான். ஒரு ஜும்ஆவில் இதைப் பற்றிப் பேசினால் எத்தனை பேருக்கு ஆறுதல். கோயிலிலும் சேர்ச்சிலும் கூடப் பேசலாம்.

டயக்னோசிஸ் கார்டில் இங்கிலிஷில் என்ன எழுதியிருக்கிறது என்று விளங்காதவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வாப்பாவின் கடைக்குக் கொண்டு வாருங்கள். வாசித்துத் தமிழில் எழுதித் தருகிறேன். வைத்தியம் சொல்ல எனக்குத் தெரியாது, வாசிக்கத் தெரியும். ஏழு கேள்வித் தாளும் கடை மேசையில் இருக்கிறது. பெண்களிடம் பேச வெட்கமாக இருந்தால் வாப்பாவிடமே கேளுங்கள். அவருக்கு இப்போது வெட்கம் போய்விட்டது.

அந்த ஐயாவுக்காகவும் துஆ செய்யுங்கள். அவருக்கு ஒப்பரேஷனுக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள்.