நந்திதுர்க்: தங்கம் தீர்ந்த ஊர்

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் போகும் ரயிலில் ஏறினால் கோரமண்டல் என்றொரு நிலையம் வரும். கடல் அங்கிருந்து சுமார் 200 கி.மீ. தள்ளி இருக்கிறது. நந்திதுர்க் சுரங்கத்திலும் துர்க்கம் கிடையாது. கோட்டையுள்ள நந்தி மலை 80 கி.மீ. வடமேற்கே, பெங்களூர்க்காரர்கள் விடுமுறைக்குப் போகும் இடம். லண்டனில் பங்கு விற்ற கம்பெனிகளுக்குப் பெயர் கம்பீரமாக இருந்தால் போதும் போலும்.

கிராமத்தார் இங்கே மண்ணை அரித்துத் தங்கம் எடுப்பதை 1802லேயே ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி பார்த்து எழுதி வைத்தார். 1870களில் லாவெல் என்ற முன்னாள் சிப்பாய் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகுதான் ஊர் ஊரானது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் என்று சுரங்கங்கள் இறங்கின. 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 148 கி.மீ. கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கு மின்விளக்கு வந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து! துரைமாருக்குப் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். 'லிட்டில் இங்கிலாந்து' என்று பெயரும் கிடைத்தது.

அந்த இங்கிலாந்துக்குக் கீழே இறங்கியவர்கள் பெரும்பாலும் வடஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்கள். அவர்களில் மிகுதியானோர் தலித்துகள். கிராமத்து ஆண்டையிடமிருந்து தப்பி வந்தவர்களுக்குத் தட்டிக் குடிசையும் ரொக்கக் கூலியும் சின்ன விஷயமல்ல. ஆனால் ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டியது. திடீர்ப் பாறை வெடிப்பு பலரைப் பலி வாங்கியது. தப்பியவர்களில் பலருடைய நுரையீரலைத் தூசு தின்றது. கைரேகைப் பதிவை எதிர்த்து 1930ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அயோத்திதாசர் தொடங்கிய 'தமிழன்' இதழை 1926ல் ஜி.அப்பாதுரையார் மறுபடி நடத்தியதும் இந்த ஊரிலிருந்துதான். தங்கத்தைவிட அதைப் பெரிதாகச் சொல்பவர்கள் இங்கே உண்டு. அதில் நியாயமும் உண்டு.

1965ல் சாம்பியன் ரீஃபில், பூமிக்கடியில் 2 கி.மீ.க்கும் ஆழத்தில் வைத்த கருவிகளில் வளிமண்டல நியூட்ரினோ சிக்கியது. சுரங்கங்களோ 1956ல் மாநில அரசுக்கும், 1962ல் மத்திய அரசுக்கும் கைமாறின. 1972ல் பாரத் கோல்ட் மைன்ஸ் ஆயின. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் தங்கம் தந்துவிட்டு, கட்டுபடியாகவில்லை என்று 2001 பிப்ரவரி 28ல் மூடப்பட்டன.

லைன் வீடுகள் மட்டும் காலியாகவில்லை. குடும்பங்கள் அங்கேயே தங்கி, வீட்டைச் சொந்தமாக்கித் தரும்படி ஆண்டுக்கணக்கில் கேட்டு வந்தன. பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் இரவில் திரும்புகிறார்கள். சயனைடு மேடுகள் சினிமாக்காரர்களுக்குப் பிடித்துப்போயின. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் சோற்றுத் தட்டுவரை வருவது படத்தில் தெரியாது. அந்தக் கழிவு மண்ணிலிருந்தே மறுபடி தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புக்கொண்டது. மேட்டைக் கரைக்க இயந்திரம் போதும். அதில் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்பதுதான் லைன்களின் கேள்வி.