சும்மா தர்றோம், எடுத்துக்கங்க

சின்னமனூரில் அம்மாச்சி வீட்டை வாடகைக்கு விடுவதென்று முடிவானதும், உள்ளே கிடந்த சாமான்களைப் பற்றிப் பேச்சு எழுந்தது. பித்தளைப் பாத்திரங்களுக்குப் பங்கு கேட்க ஆள் இருந்தது. கட்டில், பீரோ, சோபா என்று வந்தபோது மட்டும் ஆளாளுக்கு, "நீங்களே வச்சுக்கங்க மதினி" என்று அம்மாவிடம் பெருந்தன்மை காட்டினார்கள். சொந்தபந்தத்தில் தகராறே வராத சொத்து இது ஒன்றுதான்.

அந்த வீட்டில் ஒரு காலத்தில் இதையெல்லாம்விடப் பெரிய சாமான் ஒன்று இருந்தது. நெல் கொட்டி வைக்கும் மண் குலுக்கை. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும். மேலே வாய் வழியாக நெல்லைக் கொட்டி, அடியில் உள்ள துவாரத்தைத் திறந்து வேண்டியதை அள்ளிக்கொள்வார்கள். 1895-ல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீரில், லோயர்கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிற பள்ளத்தாக்கு இது. விளைந்த நெல் வீட்டுக்கு வந்தவரை குலுக்கைக்கு வேலை இருந்தது. இப்போது அறுவடை மெஷின் வயலில் இறங்கினால், நெல் அப்படியே வியாபாரியிடமோ கொள்முதல் நிலையத்துக்கோ போய்விடுகிறது. நெல் விளைவித்தவர் வீட்டுக்கும் அரிசி மூட்டை கடையிலிருந்துதான் வருகிறது. வேலை போன குலுக்கையைக் கடப்பாரையால் தட்டி உடைத்து, மண்ணை அள்ளிக் கொல்லையில் கொட்டினார்கள். ரெண்டு மழை பெய்ததும் கொல்லை மண்ணோடு மண்ணாகிவிட்டது.

மெத்தைக்கும் அப்படி ஒரு போக்கிடம் இருந்தது. போடிநாயக்கனூர் இலவம்பஞ்சுக்குப் பேர்போன ஊர். படுத்துப் படுத்துப் பஞ்சு கட்டிதட்டிப் போனால், மெத்தை தைப்பவர் உறையைப் பிரித்து, பஞ்சை வெயிலில் காயப்போட்டு, அடித்து உதிர்த்து, குறைந்ததற்குப் புதுப் பஞ்சு சேர்த்துத் தைத்துத் தருவார். மெத்தைக்கு ஆகாத பஞ்சு தலையணைக்குள் போகும்.

இரும்பு பீரோவைக் கழிப்பது இன்னும் சுலபம். கோத்ரெஜ் 1923-லேயே இரும்பு அலமாரி செய்யத் தொடங்கிவிட்டது. நம் பக்கத்தில் அது கல்யாணச் சீரில் ஓர் அங்கமான பிறகு, பூட்டி வைக்க நகை இல்லாத வீட்டிலும் பீரோ நின்றது. 'பழைய இரும்பு, பழைய பீரோ' என்று பதிவு செய்த குரலை ஒலிபெருக்கியில் ஓடவிட்டுக்கொண்டு வண்டி தெருவுக்கே வருகிறது. வந்தவர் எங்கள் பீரோவை வாசலில் சாய்த்து, முதல் வேலையாகக் கதவில் இருந்த நிலைக்கண்ணாடியைக் கழற்றி எங்கள் கையிலேயே கொடுத்தார். கண்ணாடிக்குக் காசு கிடையாதாம். சாவி தொலைந்திருந்த லாக்கரை உளி வைத்து நெம்பினார். உள்ளே ஒரு விபூதிப் பொட்டலமும், காலாவதியான ரேஷன் கார்டும். மிச்சத் தகரம் தராசில் ஏறியது.

தேக்குக் கட்டிலைப் பற்றிக் கவலையே இல்லை. நல்ல மரமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகள்வரை அதற்கு மதிப்பு உண்டு. தோதகத்தியாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பட்டா நிலத்தில் நிற்பதை வெட்டுவதற்கும் அனுமதி வேண்டும் என்று 1994-ல் தமிழ்நாடு தனிச் சட்டமே போட்ட மரம் அது.

கடைசியில் மிஞ்சியது சோபா செட். ரெக்சின் பாளம் பாளமாக உரிந்து கிடந்தது. ஒரு மூலையைக் கிழித்துப் பார்த்த ஆசாரி, உள்ளே கையை விட்டு மஞ்சள் நுரையை ஒரு பிடி எடுத்துக் கசக்கினார். மாவாக உதிர்ந்தது. தேக்கு என்று சொல்லி விற்ற சட்டத்தில் பாதி, சரக்குப் பெட்டிப் பலகை. மீதி, மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய அட்டை. "இது அடுப்புக்கும் ஆகாதுண்ணே" என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பழைய இரும்புக்காரர் அதற்கு முன்பே பார்க்காததுபோல் போய்விட்டிருந்தார்.

அப்புறம் என்ன, வழக்கம்போல 'யாருக்காச்சும் சும்மா குடுத்துரலாம்' என்ற யோசனை வந்தது. வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்காவிடம் அம்மா கேட்டார். அவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "குடுக்குறீக, சரி தம்பி. அத உள்ள போட்டுட்டு நாங்க எங்கிட்டுப் படுக்க?"

அவர் கேட்டதில் கணக்கு இருக்கிறது. 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் கட்டும் வீடு சமையலறையும் சேர்த்து 360 சதுர அடி. மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றையும் ஒற்றை இருக்கை இரண்டையும் போட்டு, முன்னால் கால் நீட்ட இடம் விட்டால், பாய் விரிக்கிற இடம் பறிபோகும். அவர்கள் வீட்டுக்கு ஆகிற மாதிரி பிளாஸ்டிக் நாற்காலியைத் தவணையில் வாங்கிக்கொள்ள அவருக்குத் தெரியும். ராத்திரி அதை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிடலாம். நம் வீடுகளில் பழையதைத் தள்ளிவிட்டு, கொடுத்தோம் என்ற புண்ணியத்தையும் கணக்கில் ஏற்றிக்கொள்வது வழக்கம். தூக்குகூலி, வண்டி வாடகை, வைக்க இடம், கடைசியில் அதைக் குப்பையாக்கி ஒழிக்கும் பாடு, இத்தனையும் வாங்கிக்கொண்டவர் தலையில். அப்படியானால் உபகாரம் செய்தது யார்?

தேனி மாவட்டத்தில் நகராட்சிகள் ஆறு. காலையில் வரும் வண்டி மக்கும் குப்பை, மக்காத குப்பை இரண்டையும் வாங்கிக்கொள்ளும். சோபாவைக் காட்டினால், "இது எங்க வண்டியில ஏறாதுண்ணே" என்பார்கள், உண்மையும் அதுதான். ஏறாத சாமான் ராத்திரியோடு ராத்திரியாக ஓடைக்கும் வாய்க்கால் கரைக்கும் போகிறது. வாய்க்காலில் தண்ணீர் வரும்போது ஒரு மெத்தை மடையில் போய் அடைத்துக்கொண்டால், கடைமடைக்காரருக்குத் தெரியும் அந்த அருமை.

சென்னை மாநகராட்சி 2025 அக்டோபரிலிருந்து சனிக்கிழமைகளில், முன்கூட்டிப் பதிவு செய்தவர்களின் பழைய சோபா, மெத்தைகளை வீட்டுக்கே வந்து எடுக்கத் தொடங்கியது. டோக்கியோவில் 30 சென்டிமீட்டரைத் தாண்டிய வீட்டுச் சாமானைக் கழிக்க, முதலில் பதிந்து, கட்டணத்துக்கு ஸ்டிக்கர் வாங்கி ஒட்டித்தான் வாசலில் வைக்க முடியும். கம்பத்துக்கும் போடிக்கும் அவ்வளவு ஏற்பாடு வேண்டாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு டிராக்டர், நியாயமான ஒரு கட்டணம் போதும்.

நாங்கள் ஒரு குட்டி யானையும் தூக்க இரண்டு ஆளும் பிடித்து, நகராட்சியில் கேட்டுவிட்டு, அவர்கள் சொன்ன குப்பைக் கிடங்கில் சோபாவை இறக்கினோம். வாடகையையும் கூலியையும் கேட்ட மாமா, "தூக்கிப் போடுறதுக்குமா காசு?" என்று வாயைப் பிளந்தார். சோபா வாங்கிய அன்றே பில்லில் சேர்ந்திருக்க வேண்டிய தொகை அது. இத்தனை காலமும் அதை நமக்காக வேறு யாரோ கட்டிக்கொண்டிருந்தார்கள்.