காய் ஒன்று, பெயர் பல

ஊறுகாய் என்னும் சொல்லை இலக்கண ஆசிரியர்கள் வினைத்தொகைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலமும் அச்சொல்லுக்குள் மறைந்து நிற்கிறது. அஞ்செட்டிக்கு அண்மையில்தான் கர்நாடக எல்லை. எல்லையைத் தாண்டினால் அதே பண்டம் 'உப்பினகாயி' ஆகிவிடுகிறது. தமிழர் அதில் காத்திருக்கும் காலத்தைக் கண்டனர். கன்னடர் காக்கும் உப்பைக் கண்டனர். ஆங்கிலேயரின் 'பிக்கிள்' என்ற சொல்லும் உப்புநீரைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்ததே. எங்கோ இருக்கும் ஆலந்தும் அடுத்த வீட்டுக் கன்னடமும் இங்கே கைகோத்துக்கொள்கின்றன.

உப்புநீரிலோ புளிக்காடியிலோ ஊறவைத்த வெள்ளரிப்பிஞ்சின் கதை இன்னும் சுவையானது. கிரேக்கத்தில் வெள்ளரிக்கு 'அங்கூரி' என்று பெயர். 'பழுக்காதது' என்ற பொருளில் அது பிறந்திருக்கலாம் என்பர் மொழியறிஞர். அச்சொல்லே போலந்தில் 'ஒகூரெக்', உருசியாவில் 'அகுரியெத்ஸ்', செருமனியில் 'குர்க்க', ஆங்கிலத்தில் 'கெர்க்கின்' என உருமாறியது. பிரெஞ்சுக்காரர் அதன் வடிவத்தைப் பார்த்துச் 'சிறு கொம்பு' என்ற பொருளில் 'கொர்னிஷோன்' என்றனர். அமெரிக்காவில் 'பிக்கிள்' என்றாலே இந்தக் காய்தான். இங்கிலாந்திலோ அச்சொல் காய்கறிகளை நறுக்கிச் செய்த இனிப்புப் புளிப்புத் தொடுகறியையும் குறிக்கும்.

இத்தனை பெயர்களும் நம் மண்ணோடு தொடர்புடையவை. 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் சிறிய அளவில் தொடங்கிய இப்பயிர், பின்னர் தமிழகத்துக்கும் ஆந்திரம், தெலங்கானாவுக்கும் பரவியது. 2020-21ஆம் ஆண்டில் இந்தியா 2,23,515 டன் ஏற்றுமதி செய்து, 22 கோடி டாலருக்கு மேல் ஈட்டியதாக நடுவண் அரசு அறிவித்தது. ஏறத்தாழ 90,000 சிறு, குறு விவசாயிகள் 65,000 ஏக்கரில் இதைப் பயிரிடுகின்றனர். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு முக்கால் ஏக்கர்கூட இல்லை.

விதையும் உரமும் நிறுவனம் தரும். காயையும் அதுவே வாங்கிக்கொள்ளும். ஒரு கிலோவுக்கு எத்தனை காய் நிற்கிறது என்று எண்ணித் தரம் பிரிப்பார்கள். பிஞ்சு சிறிதானால் விலை பெரிது. ஒரு நாள் பறிக்கத் தவறினால் காய் பருத்துத் தரம் இறங்கிவிடும். எனவே நாள்தோறும் குனிந்து பறிக்க வேண்டும். அவ்வேலை பெரும்பாலும் பெண்களுடையது. பருத்துப்போனதற்காகக் கழிக்கப்பட்ட காய்கள் மாட்டுத் தொட்டிக்குப் போவதைக் கண்டிருக்கிறேன். மற்ற பயிர்களில் விளைச்சல் பருப்பது ஆசீர். இங்கோ அதுவே இழப்பு.

பாலைநிலத்தில் மன்னாவை உண்டு சலித்த இஸ்ரயேல் மக்கள், எகிப்தில் தின்ற வெள்ளரிக்காயை நினைத்து ஏங்கியதை எண்ணிக்கை நூலின் 11ஆம் அதிகாரம் சொல்கிறது. அவர்கள் அடிமைகளாயிருந்தும் அந்தக் காயின் சுவையை அறிந்திருந்தனர். நம் விவசாயி உரிமைக் குடிமகன். ஆயினும் தான் விளைத்தது எந்தச் சீசாவில், எந்தப் பெயரில், யார் உணவு மேசையில் அமர்கிறது என்பதை அறியான். அது அவன் வீட்டுக் குழம்பிலும் இல்லை, ஊறுகாய்ச் சாடியிலும் இல்லை. அவனுக்கு அது வெறும் 'கெர்க்கின்'.

இப்பயிரை நான் குறை கூறவில்லை. தொண்ணூறு நாள்களில் கையில் பணம் தரும் பயிர், கடனில் தவிக்கும் குடும்பத்துக்குப் பெரிய துணை. ஆனால், படைப்பின் தொடக்கத்தில் உயிர்களுக்குப் பெயரிடும் பொறுப்பை இறைவன் மனிதனிடமே விட்டார். பெயரிடுவது அறிவதன் அடையாளம். தான் கையொப்பமிடும் ஒப்பந்தத்தில் தரம் என்ன, விலை என்ன, கழிவு என்ன என்பதை ஒருவன் தன் தாய்மொழியில் படித்தறிய முடியவேண்டும். பங்குகளில் எழுத்தறிந்த இளைஞர் பலர் இருக்கின்றனர். விதைப்புக்கு முன் ஒரு மாலை, அத்தாளை அயலாருக்குத் தமிழிலோ கன்னடத்திலோ தெலுங்கிலோ வாசித்துக் காட்டினால், அதுவும் ஓர் அன்புப் பணியே.